எலியட் பெயரில் ஓர் எலி: காட்டு எலியின் சாப்பாட்டை ஆராய்ந்த வரி அதிகாரியின் கதை

அனத்தானா எலியோட்டி. கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் தமிழ்நாட்டின் மலைக்காடுகளிலும் வாழும் ஒரு சின்ன விலங்கின் அறிவியல் பெயர் இது. வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள், லத்தீன் வாசனை கொஞ்சம் குறைவாகவே இருக்கும். காரணம், முதல் பாதி தமிழ். அந்த விலங்கைத் தமிழில் மூங்கில் அணத்தான் என்பார்கள், சுருக்கமாக மூங்கணத்தான். மூங்கில் அணில் என்று அர்த்தம். 1913-ல் மார்கஸ் வார்டு லயன் என்ற அமெரிக்க விலங்கியலாளர் அந்தச் சொல்லை எடுத்துப் பேரினப் பெயராக வைத்துவிட்டார். பின்பாதி, சர் வால்டர் எலியட் என்ற ஸ்காட்லாந்துக்காரருடையது.

எலியட் என்றதும் பெசன்ட் நகர் பீச் ஞாபகம் வருகிறதா? அவர் வேறு. கடற்கரைக்குப் பெயர் கொடுத்தவர் மெட்ராஸில் தலைமை மாஜிஸ்திரேட்டாகவும் போலீஸ் சூப்பரின்டெண்டன்டாகவும் இருந்த எட்வர்டு எலியட். நம்ம கதையின் நாயகர் வால்டர். மெட்ராஸ் மாகாணத்தில் சுமார் 40 வருஷம் வேலை பார்த்தவர், அமராவதி சிற்பங்களைத் தோண்டி எடுத்தவர், சார்லஸ் டார்வினுக்குப் புறா அனுப்பியவர். வரலாற்றுப் புத்தகங்களில் அவருக்கு இடம் கிடைப்பது இதற்காகத்தான். ஆனால் அவர் வாழ்க்கையில் பலரும் தாண்டிப்போகும் ஒரு பக்கம் உண்டு. எலி என்ன தின்கிறது என்று உட்கார்ந்து கவனித்து எழுதியவர் அவர். பெயரிலேயே எலி இருப்பது தமிழுக்கு மட்டும் தெரிந்த ஜோக்.

சேலத்தில் தொடங்கி கிட்டூரில் சிறைப்பட்டவர்

எலியட் பிறந்தது 1803 ஜனவரி 16, எடின்பரோவில். கிழக்கிந்திய கம்பெனிக்கு அதிகாரிகளைத் தயார் செய்த ஹெய்லிபரி கல்லூரியில் படித்தார். பதினெட்டு வயதில் மெட்ராஸில் இறங்கியவர், கோட்டையில் இருந்த கல்லூரியில் தமிழும் இந்துஸ்தானியும் கற்றுக்கொண்டார். முதல் வேலை சேலத்தில், கலெக்டருக்கு உதவியாளர். கொஞ்ச காலத்திலேயே தென் மராட்டா பகுதிக்குப் போனார். இன்றைய தார்வாடும் அதைச் சுற்றியுள்ள வட கர்நாடகமும்தான் அது. அங்கே அவருக்கு மேலதிகாரி செயின்ட் ஜான் தாக்கரே, நாவலாசிரியர் தாக்கரேயின் சித்தப்பா.

1824 அக்டோபர் 23. வாரிசு இல்லை என்று காரணம் சொல்லி கிட்டூர் சமஸ்தானத்தை கம்பெனி விழுங்கப் பார்த்தது. ராணி சென்னம்மா மறுத்தார். கோட்டை வாசலில் நடந்த சண்டையில் தாக்கரே கொல்லப்பட்டார். எலியட்டும் ஸ்டீவன்சன் என்ற இன்னோர் அதிகாரியும் ராணியின் ஆட்களிடம் பிணைக்கைதிகள் ஆனார்கள். எலியட்டுக்கு அப்போது 21 வயது. இருவரும் உயிரோடு விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் கம்பெனி பெரும்படையோடு திரும்பி வந்து டிசம்பரில் கோட்டையைப் பிடித்தது. பைலஹொங்கலில் சிறை வைக்கப்பட்ட சென்னம்மா 1829-ல் அங்கேயே இறந்தார்.

கைதியாக இருந்து மீண்ட இளைஞர் ஊருக்குக் கப்பல் ஏறியிருக்கலாம். எலியட் ஏறவில்லை. அதே பகுதியில் வரி நிர்வாகத்தைத் தொடர்ந்தார். அடுத்த இரண்டு வருஷத்தில் அந்த வரிக்கே வேட்டு வைத்த எதிரி வந்தது. துப்பாக்கியோடு அல்ல, நாலு காலில்.

1826: விதையைத் தின்ற எலி

அந்த வருஷம் பருவமழை ஆரம்பத்திலேயே பொய்த்தது. மழை குறைந்தால் எலி ஏன் பெருக வேண்டும்? எலியட் சொன்ன விளக்கம் எளிமையானது. அங்கே இருப்பது கரிசல் மண். கோடையில் ஆழமாக வெடித்துப் பாளம் பாளமாகப் பிளக்கும். வயலில் வாழும் ஒருவகை மென்மயிர் எலி, நம்மூர் வேளாண் புத்தகங்களில் புல் எலி என்று வருவது, தனியாக வளை தோண்டச் சோம்பல்பட்டு அந்த வெடிப்புகளிலேயே குடியிருக்கும். வழக்கமான வருஷத்தில் முதல் மழை கொட்டியதும் வெடிப்புகள் மூடிக்கொள்ளும், உள்ளே இருக்கும் எலிகள் ஏராளமாகச் சாகும். 1826-ல் அந்த மழை போதுமான அளவுக்கு வரவில்லை. மண் மூடவில்லை. எலிகள் பிழைத்துக்கொண்டன, பெருகின.

பிறகு நடந்ததை அவர் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். விதைத்ததுமே விதையைத் தோண்டித் தின்றன. அதற்கும் தப்பி முளைத்த சோளம் முற்றும் நேரத்தில், தட்டை மேல் ஏறிக் கதிரை அறுத்துக் கீழே தள்ளி, தரையில் உட்கார்ந்து சாவகாசமாகத் தின்றன. முழு வயல்களும் மொட்டையானதை அவர் நேரில் பார்த்தார். விவசாயிகளால் வரி கட்ட முடியவில்லை. எலியைக் கொல்ல ஒட்டர்களை அமர்த்தினார்கள், இத்தனை டஜன் எலிக்கு இத்தனை படி தானியம் என்று கூலி. ஆயிரக்கணக்கில் கொன்றும் எலி குறைந்த மாதிரியே தெரியவில்லை.

ஒரு வரி அதிகாரி எலி மேல் இவ்வளவு அக்கறை காட்டியது ஏன் என்று இப்போது புரியும். கம்பெனிக்கு வர வேண்டிய பணம் எலி வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆனால் காரணம் அதோடு முடியவில்லை. வரியை மட்டும் நினைத்தவராக இருந்தால் எலியை எப்படி ஒழிப்பது என்று ஓர் அறிக்கை எழுதி முடித்திருப்பார். எலியட் ஒவ்வோர் எலியையும் தனித்தனியாகப் பிரித்து, எது எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது, ஊர்க்காரர்கள் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று பதிந்தார். அந்தக் குறிப்புகள் தென் மராட்டா பகுதிப் பாலூட்டிகளின் பட்டியலாக 1839-ல் மெட்ராஸ் இலக்கிய, அறிவியல் இதழில் வெளியாயின.

வயிற்றுக்குள் அருகம்புல்

அந்தப் பட்டியலில் புலி, கரடி எல்லாம் உண்டு. எலியட் நல்ல வேட்டைக்காரரும்கூட. ஆனாலும் இன்று படிக்கும்போது சின்ன உயிர்களைப் பற்றிய பகுதிதான் சுவாரசியம்.

சரளை மண்ணில் வாழும் முள்மயிர்ச் சுண்டெலி ஒன்று. வளைக்குள் போனதும் வாசலைச் சின்னக் கூழாங்கற்களால் அடைத்துக்கொள்ளும். வாசலுக்கு வெளியே கல் குவியல் இருக்கும், அதை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். உள்ளேயும் கல் மெத்தைதான். அதன் மேலேயே உட்காரும், வயிற்று மயிர் தடிமனாக இருப்பதால் குளிரும் உறுத்தலும் தெரியாதாம். சாப்பாடு தாவரம் போலத் தெரிகிறது என்று ஜாக்கிரதையாக எழுதினார்.

அடுத்தது வளை தோண்டும் வரப்பு எலி. தானியத்தைச் சேர்த்து வைக்கும் கஞ்சப் பிரபு. ஒரு வளையைத் தோண்டினால் சில நேரம் அரை சேர் தானியம் வரை கிடைக்கும், முழுச் சோளக் கதிர்களே உள்ளே அடுக்கியிருக்கும். ஒட்டர்கள் எலியையும் பிடித்துச் சாப்பிட்டார்கள், அது சேர்த்து வைத்த தானியத்தையும் எடுத்துக்கொண்டார்கள். நல்ல இடங்களில் அறுவடைக் காலம் முழுவதும் பெரும்பாலும் அந்தத் தானியத்திலேயே அவர்கள் பசி தீர்ந்தது என்று எலியட் குறித்தார். காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கம் ஏரிப் பாசன வயல்களைத் தெரிந்தவர்களுக்கு இது பழைய கதையாகவே தோன்றாது. நெல் அறுத்த வயலில் வரப்பைத் தட்டிப் பார்த்து, வளை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கணித்து, எலியையும் நெல்லையும் சேர்த்து எடுக்கும் இருளர்களின் கைவேலை இங்கே இன்னும் நினைவில் இருப்பதுதான். பஞ்சத்திலும் கூலி இல்லாத மாதங்களிலும் நிலமில்லாதவர்களுக்கு எலி வளைதான் களஞ்சியமாக இருந்திருக்கிறது. அதை எலியட் கேலி செய்யாமல் எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து வெள்ளைக்கார எழுத்தில் இது அவ்வளவு சகஜமில்லை.

இப்போது அவர் பெயரைத் தாங்கும் எலி. கன்னடத்தில் குலாந்தி. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த ஜான் எட்வர்டு கிரே 1837-ல் இதற்கு கோலுண்டா எலியோட்டி என்று பெயர் வைத்தார். குலாந்திதான் கோலுண்டா ஆனது. இன்று இந்தியப் புதர் எலி என்கிறோம். மற்ற எலிகள் வயலுக்கும் வீட்டுக்கும் வரும்போது இது காட்டுப் புதரை விட்டு வராது. முள் புதருக்குள் காய்ந்த புல்லை நெருக்கமாகப் பின்னிப் பந்து மாதிரி கூடு கட்டும்.

அது என்ன தின்கிறது? எலியட் வயிற்றைத் திறந்தே பார்த்தார். உள்ளே இருந்தது அருகம்புல் வேர். வேறு ஒன்றும் கண்ணில் படவில்லை. அருகம்புல்லை மாலையாகக் கட்டிப் பிள்ளையாருக்குச் சாத்துகிற ஊரில், பிள்ளையாரின் வாகனம் அதே புல்லைத் தின்று வாழ்கிறது என்பது சின்ன ஆச்சரியம்தான். எலியட் அதைப் பற்றி யோசித்தாரா தெரியாது. புதர் எலி தாவரம் தின்னும் விலங்கு என்று முடிவு கட்டினார். அது பெரும்பாலும் சரி என்று பின்னால் வந்தவர்களும் சொன்னார்கள்.

காபித் தோட்டமும் குறிஞ்சிப் பூவும்

பெரும்பாலும் சரி என்றால்? எலியட் பார்த்தது வறண்ட புதர்க்காட்டு எலியை. அதே எலி கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் மலைக்காட்டில் வேறு வேஷம் போட்டது. அங்கே அதற்குப் பெயர் காபி எலி.

19-ம் நூற்றாண்டின் நடுவில் இலங்கை மலையகத்தில் காடுகள் மளமளவென வெட்டப்பட்டு காபி நடப்பட்டது. வேலை செய்தவர்கள் மெட்ராஸ் மாகாணத்திலிருந்து போன தமிழர்கள். ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து படகில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியாக மலைக்கு நடந்தே ஏறினார்கள். வழியிலேயே நோயிலும் பசியிலும் பலர் செத்தார்கள். அவர்கள் நட்ட காபிச் செடியின் மொட்டையும் பூவையும் தேடி காட்டுக்குள்ளிருந்து கூட்டமாக இறங்கியது இந்த எலி. எட்டாத மொட்டுக்காகக் கிளையையே கடித்து அறுத்தது. ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலி வரை கொல்லப்பட்டதாக இலங்கையில் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னென்ட் 1861-ல் வெளியான தன் புத்தகத்தில் பதிவு செய்தார்.

இலங்கையிலேயே பிறந்த டாக்டர் எட்வர்டு கெலார்ட் இந்த எலியைப் புதிய இனம் என்று நினைத்து, கோலுண்டா நெவெரா என்று பெயரிட்டிருந்தார். நெவெரா என்றால் நுவரெலியா. அந்த ஊர்ப் பெயருக்குள்ளும் தமிழ்க் காதுக்கு எலி கேட்கும், என்ன செய்ய. பிறகு இரண்டும் ஒரே இனம் என்று முடிவாகி எலியட் பெயரே நிலைத்தது.

டென்னென்ட் எழுதிய இன்னொரு விஷயம் நம்மவர்களைப் பற்றியது. தமிழ்க் கூலிகளுக்கு இந்த எலிக் கறி ரொம்பப் பிடிக்கும், தேங்காய் எண்ணெயில் வறுத்தோ குழம்பு வைத்தோ சாப்பிடுவார்கள், எலித் தொல்லை உள்ள தோட்டமாகப் பார்த்து வேலைக்குப் போவார்கள் என்றார். ருசிக்காகத்தான் என்கிற தொனி அதில் இருக்கிறது. அரிசியைக் கணக்குப் பார்த்து அளந்து கொடுத்த தோட்டத்தில், நாள் முழுக்க மலைச் சரிவில் உழைத்தவர்களுக்கு அது ஓசியில் கிடைத்த இறைச்சி என்ற கோணம் அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. ஒட்டர்களின் பசியை எலியட் எழுதிய விதத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

சரி, காட்டில் நிம்மதியாக இருந்த எலி தோட்டத்துக்கு ஏன் வந்தது? இதற்கான பதிலில்தான் காட்டு உணவின் சூட்சுமம் இருக்கிறது. இலங்கை மலைக்காட்டின் அடிமட்டத்தில் அடர்ந்து வளரும் ஒரு செடியைச் சிங்களத்தில் நெலு என்பார்கள். நம்ம குறிஞ்சியின் உறவுக்காரச் செடி, ஒரே பேரினம். குறிஞ்சி மாதிரியே பல வருஷங்களுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்து, விதை கொட்டி, கூண்டோடு செத்துப்போகும். விதை கொட்டும் காலத்தில் எலிக்குத் தீபாவளி. அந்த விதை தீர்ந்து உணவு அருகும்போது, பெருகிய கூட்டம் பெரும் படையாக இடம்பெயரும். அப்படி இடம்பெயரும் வழியில் காடு இருந்த இடத்தில் காபி இருந்தால்?

காட்டைத் திருத்திய முதலாளிகளுக்கு எலி என்பது கொள்ளைக்காரன். எலிக்கு அது தன் காட்டு வழி, அவ்வளவுதான். மிசோரமில் மூங்கில் பூக்கும்போது நடப்பதும் இதே கணக்கு. 48 வருஷத்துக்கு ஒருமுறை மூங்கில் பூத்து விதை விழுந்ததும் எலி பெருகி, விதை தீர்ந்ததும் நெல் வயலுக்குத் திரும்பும். 1959-ல் அங்கே வந்த பஞ்சம் ஓர் ஆயுதப் போராட்டத்துக்கே விதை போட்டது. சின்ன விலங்கின் மெனு மாறினால் மனிதர்களின் அரசியலும் மாறும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேட வேண்டியதில்லை.

இலங்கை காபியை முடித்தது எலி இல்லை. 1869-ல் வந்த இலைத் துரு நோய்தான் முடித்தது. அதன் பிறகு அங்கே தேயிலை வந்தது.

மூங்கணத்தான் மெனு: அணில் மாதிரி, ஆனால் அணில் இல்லை

எலியட் பெயரைச் சுமக்கும் இரண்டாவது விலங்குக்கு வருவோம். கடப்பாவுக்கும் நெல்லூருக்கும் இடைப்பட்ட மலைகளில் கிடைத்த மாதிரியை வைத்து, பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். இனப்பெயரின் ஆண்டு 1850. அணில் அளவு உடம்பு, அதே நீளத்துக்கு வால், எடை 150 கிராம் சுற்றி. தோளில் சாய்வாக ஒரு வெளிர் கோடு இருக்கும். முதுகில் மூன்று கோடு இருக்காது. ராமர் தடவாத அணில் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இது அணிலே இல்லை. மூஞ்சூறும் இல்லை, எலியும் இல்லை. மரமூஞ்சூறு என்று பெயர் வைத்தது ஒரு குழப்பம், மூங்கில் அணில் என்பது இன்னொரு குழப்பம். 20-ம் நூற்றாண்டில் கொஞ்ச காலம் இதைக் குரங்கு வரிசையிலேயே வைத்திருந்தார்கள். இப்போது இதற்கென்று தனி வரிசை. ஆனால் சில மரபணு ஆய்வுகளின்படி, அணிலைவிட நமக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

வாயைத் திறந்தால் விஷயம் தெரிந்துவிடும். அணிலுக்கு முன்னால் உளி மாதிரி வெட்டுப்பல் இருக்கும், கொட்டையை உடைக்க. மூங்கணத்தானுக்கு அது கிடையாது. 38 சின்னக் கூரான பற்கள், பூச்சியின் ஓட்டை நொறுக்கத் தோதாக. எறும்பு, கம்பளிப்புழு, பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி என்று கிடைத்ததைப் பிடிக்கும். கூடவே பழம். உண்ணிச்செடிப் பழத்தையும் விடாது. வெளிநாட்டிலிருந்து வந்து நம்ம காடுகளை ஆக்கிரமித்த களை அது. அந்தப் பழத்தைத் தின்று இதுவும் கொஞ்சம் விதை பரப்புகிறது என்றால் யாரைக் குற்றம் சொல்வது?

பெயரில் மரம் இருந்தாலும் சாப்பாட்டு வேட்டை பெரும்பாலும் தரையில். 1975-ல் வெளியான ஒரு கள ஆய்வு இதன் தினசரி வாழ்க்கையை அழகாகக் காட்டியது. விடிந்ததும் பாறை இடுக்கிலிருந்து கிளம்பும். நாள் முழுக்கத் தனியாகவே சருகையும் கல்லையும் கிளறித் தின்னும். பொழுது சாய்வதற்குள் திரும்பும். ஒரு பொந்துக்கு ஓர் ஆள், ரூம்மேட் கிடையாது. மரத்தில் ஏறுவது உடம்பைச் சுத்தம் பண்ண. சின்னத் தண்டில் ஏறி, உடம்பைத் தேய்த்தபடி சறுக்கி இறங்கும், மறுபடி ஏறும். காலையில் ஏலகிரி, ஏற்காடு பக்கம் பாறைச் சரிவில் அணில் ஒன்று மரத்தில் சறுக்கு விளையாடுவதைப் பார்த்தால், கொஞ்சம் நின்று பாருங்கள்.

இதன் சொந்தக்காரர்களின் மெனு இன்னும் வினோதம். மலேசியாவில் ஒரு மரமூஞ்சூறு, பெர்தாம் என்ற பனையின் புளித்த தேனை ராத்திரி பூரா குடிக்கிறது. பீர் அளவுக்குப் போதை உள்ள தேன் அது, ஆனால் அதற்கு ஏறுவதே இல்லை என்று 2008-ல் ஆய்வாளர்கள் கண்டார்கள். போர்னியோவில் இன்னொன்று, குடுவைத் தாவரத்தின் மூடியில் ஊறும் தேனை நக்கிக்கொண்டே குடுவைக்குள் கழிந்துவிட்டுப் போகிறது. செடிக்கு அதுதான் உரம். கிரேட் நிக்கோபாரில் மரமூஞ்சூறு சருகைக் கிளறும்போது பறக்கும் பூச்சியைப் பிடிக்கக் கரிச்சான் ஒன்று கூடவே சுற்றும். இப்போது துறைமுகத் திட்டத்துக்காகக் காட்டை எடுக்கப்போகும் அதே தீவுதான் அது.

மெட்ராஸ் மூங்கணத்தானைப் பற்றி இப்படிப்பட்ட நீண்ட ஆய்வுகள் குறைவு. தமிழ்ப் பெயரையே உலகத்துக்குக் கொடுத்த விலங்கு, தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியாது. இந்தப் பெயரை முதலில் சொன்ன காட்டுவாசி யார் என்பதும் எங்கேயும் பதிவாகவில்லை. குலாந்தி, மெட்டாடே, கோக், அணத்தான்: லத்தீனுக்குள் போன சொற்கள் அவர்களுடையவை, பின்னால் ஒட்டிய பெயர் துரையுடையது. எலியட் மேல் ஒரு நியாயமான புகார் இது. அதே நேரம், ஊர்ப்பெயரை எழுதிவைக்க வேண்டும் என்று விடாப்பிடியாக இருந்தவரும் அவர்தான். 1859-ல் தெலுங்குப் பகுதித் தாவரங்களுக்கு அவர் தயாரித்த ஃப்ளோரா ஆந்திரிகா என்ற நூலே உள்ளூர்ப் பெயர்களின் பட்டியல்.

டார்வின், அமராவதி, காஞ்சியின் காசுகள்

மற்ற சாதனைகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1837 முதல் சில வருஷம் மெட்ராஸ் கவர்னராக இருந்த எல்பின்ஸ்டன் பிரபுவுக்கு எலியட் தனிச் செயலர், உறவினரும்கூட. 1845-ல் குண்டூர் பக்கம் அமராவதியில் சிதைந்து கிடந்த பௌத்தத் தூபியைத் தோண்டினார். கிடைத்த சிற்பங்களை மெட்ராஸுக்கு அனுப்பினார். அவை வருஷக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. பிறகு கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தன. எலியட் மார்பிள்ஸ் என்றே அவற்றுக்குப் பெயர் விழுந்தது. இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கின்றன. எலிக்குத் துரை பெயர் வைத்ததைச் சிரித்துக் கடந்துவிடலாம், அமராவதிச் சிற்பத்துக்கு வைத்ததை அப்படிக் கடக்க முடியாது.

1855-ல் கிளாஸ்கோவில் டார்வினைச் சந்தித்தார். அடுத்த வருஷம் டார்வின் கேட்டுக்கொண்டபடி புறா, கோழிகளின் தோல்களை அனுப்பத் தொடங்கினார். புறா வளர்ப்பு பற்றிய பழைய பாரசீக நூல் ஒன்றும் எலியட் மூலம் டார்வினுக்குக் கிடைத்தது. வளர்ப்பு விலங்குகளின் மாறுபாடு குறித்து 1868-ல் வந்த டார்வினின் நூலில் எலியட்டின் பெயர் நன்றியோடு வருகிறது.

1858-ல் கவர்னர் ஹாரிஸ் உடல்நலம் குன்றியிருந்ததால், கம்பெனி ஆட்சி முடிந்து ராணி விக்டோரியாவின் ஆட்சி தொடங்குவதை மெட்ராஸில் அறிவிக்கும் வேலை, கவுன்சிலின் மூத்த உறுப்பினரான எலியட் தலையில் விழுந்தது. கிட்டூர் ராணியிடம் கைதியாக இருந்தவர், லண்டன் ராணிக்காக அறிவிப்பு வாசித்தார். 1860-ல் ஓய்வு பெற்று ஸ்காட்லாந்தின் வுல்ஃப்லீ கிராமத்துச் சொந்த வீட்டுக்குத் திரும்பினார்.

ஓய்வு என்பது பேருக்குத்தான். மாமல்லபுரம் பற்றிய அவர் கட்டுரை 1869-ல் கேப்டன் கார் தொகுத்த நூலில் இடம்பெற்றது. நாகப்பட்டினத்தில் 1867-ல் இடிக்கப்பட்ட பௌத்தக் கோபுரத்தைப் பற்றி 1878-ல் எழுதினார். அது நின்றிருந்தபோது நேரில் பார்த்தவர் எழுதிய சாட்சியம் என்பதால் அதற்கு இன்றும் மதிப்பு. வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பழைய காசுகளை வைத்துத் தென்னிந்திய நாணயங்கள் என்ற நூலைத் தயாரித்தார். சோழமண்டலக் கரையில் கிடைத்த காசுகள் அதில் உண்டு, காளையும் இரண்டு பாய்மரக் கப்பலும் பொறித்தவை. காஞ்சியை ஆண்ட பல்லவர்களோடும் குறும்பர்களோடும் அவற்றைச் சேர்த்து யோசித்தார். எந்தக் காசு யாருடையது என்ற விவாதம் அவருக்குப் பிறகும் ஓயவில்லை. ஆனால் காஞ்சியின் வரலாற்றை ஆராய்பவர்கள் கல்வெட்டோடு நிறுத்தாமல் காசையும் பார்க்க வேண்டும் என்ற பழக்கத்துக்கு வழி போட்டவர்களில் அவர் ஒருவர்.

அந்த நூல் முடியும்போது அவருக்குப் பார்வை கிட்டத்தட்ட போய்விட்டது. எலி வளையின் வாசலில் கிடக்கும் கூழாங்கல்லைக்கூடக் கவனித்த கண்கள் அவை. காசைத் தடவிப் பார்த்து, மற்றவர்களை எழுதச் சொல்லி, 1886-ல் நூலைக் கொண்டுவந்தார்.

கடைசியாக ஒரு தமிழ்த் தொடர்பு. திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று முதலில் எழுதிய எல்லிஸ் 1819-ல் இறந்தபோது அவருடைய காகிதங்களில் பெரும்பகுதி அழிந்தது. மதுரையில் ஒரு துரை வீட்டுச் சமையல்காரர் மாதக்கணக்கில் அடுப்புப் பற்றவைக்கவும் கோழி வாட்டவும் அவற்றைப் பயன்படுத்தினார் என்ற கதையைப் பதிவு செய்தவர் எலியட்தான். தப்பிய காகிதங்களைத் தேடிப் பாதுகாத்து, திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி.யு. போப்பிடம் சேர்த்தவரும் அவரே. அவை பின்னர் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்துக்குப் போயின.

1887 மார்ச் 1 காலை, எலியட் ஒரு கடிதத்தைச் சொல்லி எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டார். போப்புக்கு எழுதியது, விஷயம் திருக்குறள். அன்றே வுல்ஃப்லீ வீட்டில் இறந்தார், வயது 84.